எட்டு வயதில் செத்துப்போன மில் முதலாளி

கிணறு வெட்டின கூலியில் நூற்றியெண்பது ரூபாய், பிரம்மதேசம் பாண்டுரங்கன் வல்லம் விருத்தாசலத்துக்குத் தர வேண்டிய பாக்கி. வருஷம் 1951. பாக்கி வைத்தவரும் போய்விட்டார், வாங்க வேண்டியவரும் போய்விட்டார். கிணறு மட்டும் இருக்கிறது.

ஆனால் இது அந்தப் பாண்டுரங்கனின் கதை இல்லை. அவருடைய பேரன் பாண்டுரங்கனின் கதை. தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது நம் பக்கத்தில் எந்த வீட்டில்தான் இல்லை? பாண்டுரங்கனுக்குப் பிறந்தவர் குமரேசன். குமரேசனுக்குப் பிறந்தவர் நம்ம பாண்டுரங்கன். இவருக்குப் பிறந்தவன் மறுபடியும் குமரேசன். ரெண்டே பேரை வைத்துக்கொண்டு நாலு தலைமுறையை ஓட்டிய சிக்கனமான குடும்பம். அந்தச் சிக்கனம்தான் பின்னால் மனுஷனைப் படுத்தி எடுத்தது.

நம்ம பாண்டுரங்கன் சாதாரண ஆள் இல்லை. திண்டிவனத்தில் ரயிலை விட்டு இறங்கி, எண்ணெய் மில் பாண்டுரங்கன் என்று கேட்டால் ஆட்டோக்காரன் விலாசம் கேட்காமல் கொண்டுவந்து விடுவான். படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் அஞ்சாம் வகுப்பு வாத்தியாருக்கு இவரைப் பிடிக்கவில்லை, இவருக்கும் வாத்தியாரைப் பிடிக்கவில்லை. மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, தூக்கினார். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மல்லாட்டை வாங்கி விற்றார். அப்புறம் ஒரு செக்கு, அப்புறம் மில், இப்போது எழுபத்தோரு வயதில் பிரம்மதேசம் ரோட்டில் சொந்தக் கல்யாண மண்டபம். பட்டம் வாங்கினவன் எத்தனை பேர் இன்றைக்கு இவரிடம் சம்பளம் வாங்குகிறான், போய்ப் பாருங்கள்.

இதையெல்லாம்விட அவருக்குப் பெருமை வேறு ஒன்று. "யாருக்கும் ஒத்தப் பைசா பாக்கி வெச்சது கெடையாது." இதை அவர் சொல்லாத நாளே இல்லை. லோன் தருகிறேன் என்று வீடு தேடி வந்த பேங்க் மேனேஜருக்குக் காபி கொடுத்து, இதைச் சொல்லி, அனுப்பிவைத்தார். பல் டாக்டர் வாய்க்குள் கிடுக்கியை விட்டிருந்த நேரத்திலும் சொல்லியிருக்கிறார். டாக்டருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

மண்டபத் திறப்பு விழா நெருங்கியது. வாசலில் முப்பதடிக்கு ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும், அதில் குடும்பமே ஒரு மரமாக நிற்க வேண்டும், அடிமரத்தில் தன் படம் இருக்க வேண்டும், கீழே 'எவருக்கும் கடன்படாத குடும்பம்' என்று கொட்டை எழுத்தில் வர வேண்டும் என்று பாண்டுரங்கனுக்கு ஓர் ஆசை.

"இதுக்குன்னே சைட்டு இருக்கு மாமா," என்றாள் மருமகள் வெண்ணிலா. தினமும் ரயிலில் விழுப்புரம் போய் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண். "ஒவ்வொருத்தர் பேரா ஏத்தினா அதுவே மரம் போட்டுக் குடுக்கும். வெளிநாட்டுல இருக்கிறவங்களும் பார்க்கலாம்."

வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்க்கலாம் என்றதுமே மனுஷன் விழுந்துவிட்டார்.

பேர்கள் ஏற ஆரம்பித்தன. முதல் நாளே சைட்டுக்கும் லட்சுமியம்மாளுக்கும் ஒத்துப்போகவில்லை. லட்சுமியம்மாள் பாண்டுரங்கனின் மனைவி. சொந்த அக்கா மகளும்கூட. சைட்டு அவள் பேருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு முக்கோணம் போட்டு, 'இந்த உறவைச் சரிபார்க்கவும்' என்றது.

"நாப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தி முடிச்சாச்சு," என்றாள் லட்சுமியம்மாள். "இப்ப வந்து சரிபாக்கச் சொல்றானா? எவன் அவன், போனைக் குடு."

"அத்தை, அது மிஷினு."

"மிஷினுக்கு இன்னாத்துக்கு எங்க வீட்டு வெவகாரம்?"

பாண்டுரங்கன், அவர் அப்பா குமரேசன், மகன் குமரேசன் வரைக்கும் ஏற்றிவிட்டு, தாத்தாவை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வெண்ணிலா விட்டுவைத்தாள். "நான் வர்ற வரைக்கும் நீங்க எதையும் அமுக்காதீங்க மாமா," என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலுக்குப் போனாள்.

அன்றைக்கு மத்தியானமே போன் சிணுங்கியது. 'உங்களைப் போல் இன்னொருவர் கிடைத்துள்ளார். பெயர் பாண்டுரங்கன். மகன் குமரேசன். ஊர் பிரம்மதேசம். நீங்கள் இருவரும் ஒருவரா?'

பாண்டுரங்கனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. யாரோ முகம் தெரியாத ஒருத்தன் தன்னைப் பற்றி அங்கே எழுதிவைத்திருக்கிறான் பார். பேரு நம்ம பேரு, மகன் பேரு நம்ம மகன் பேரு, ஊரு நம்ம ஊரு. வேற எவன் இருக்க முடியும்? கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. கண்ணாடி மில்லில் இருந்தது. 'ஆம்' என்பதை அமுக்கினார். சைட்டு விடவில்லை. அப்படியானால் இந்தக் குமரேசனும் அந்தக் குமரேசனும் ஒருவரா என்றது. ஆம். அந்தக் குமரேசனும் இந்தக் குமரேசனுமா? ஆம், ஆம். கேள்வி கேட்கக் கேட்க, தனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று சந்தோஷம் கூடிக்கொண்டே போனது.

மறுநாள் காலையில் செஞ்சியிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சம்பங்கி மாலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த பாண்டுரங்கனைப் பார்த்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே, "எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

"யார?"

"உன்னதான்," என்று சொன்னவருக்கு அதற்கப்புறம்தான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது. மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக மனசில்லாமல், மண்டபத்துக்கு ஆகட்டும் என்று வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

சைட்டில் பாண்டுரங்கன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டுச் சட்டை, தங்கச் சங்கிலி, சிரித்த முகம். கீழே, 'பிறப்பு 1953. இறப்பு 1961.' அதற்கும் கீழே, வல்லம் விருத்தாசலம் என்பவர், கிணறு வெட்டினவரின் பேரன், இவருக்கும் தாத்தா பேர்தான், எழுதின குறிப்பு: 'இவர் 1951-ல் என் தாத்தாவுக்குக் கிணறு வெட்டின கூலி நூற்றியெண்பது ரூபாயைத் தரவில்லை.'

ஆக, மனுஷன் பிறப்பதற்கு ரெண்டு வருஷம் முந்தியே கூலி பாக்கி வைத்து, எட்டு வயதில் கட்டாமல் செத்துப்போயிருக்கிறார்.

வெண்ணிலா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வல்லத்துக்காரர் அவரு தாத்தாவுக்கு மரம் போட்டிருக்காரு மாமா. அதுல உங்க தாத்தா பேரு வந்திருக்கு. நீங்களும் அவரும் ஒண்ணுன்னு நீங்களே அமுக்கியிருக்கீங்க. பொறந்த வருஷம் உங்களுது, செத்த வருஷம் அவருது."

"அழி."

"செத்தவங்க அழிக்க முடியாது மாமா. உங்க கணக்கைப் பூட்டிட்டான். அப்பாவோ மகனோதான் எழுதிக் கேக்கணுமாம்."

மகன் குமரேசன் மில்லிலிருந்து வந்து தன் போனில் பார்த்தான். அவன் பேருக்குப் பக்கத்திலும் ஒரு குத்துவிளக்கு. தாத்தா குமரேசனும் இவனும் ஒருவரே என்று அதையும் அப்பா அமுக்கியிருந்தார்.

"அப்பா, நானும் செத்துட்டனா?" என்றான். கொஞ்சம் யோசித்து, "அப்ப வண்டிக்கு ஈஎம்ஐ கட்ட வேணாம்ல?" என்றான்.

"இன்னா ஈஎம்ஐ?"

"ஒண்ணுமில்லப்பா."

அதை விசாரிக்க நேரம் இல்லை. போன் மாற்றிப் போன் வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் மச்சான் கேட்டான், பெங்களூர்ப் பெரியம்மா மகன் கேட்டான். இத்தனை வருஷம் இவர் வாயால் 'பாக்கி வெச்சது கெடையாது' கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் எல்லாம் சேர்ந்து மொத்தமாகத் தீர்த்துக்கொண்டார்கள். "நூத்தியெண்பது ரூபா தானே மாமா, ஜீபே பண்ணிடட்டுமா?" என்று ஒருத்தன் கேட்டபோது பாண்டுரங்கன் போனை மல்லாட்டை மூட்டைக்குள் செருகிவிட்டார்.

வியாழக்கிழமை திறப்பு. திங்கட்கிழமை விழுப்புரத்தில் ஃபிளெக்ஸ் கடை சவுரிராயனிடம் போனார்கள். சவுரிராயன் சைட்டிலிருந்து படத்தை இறக்கிப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், கம்ப்யூட்டரையே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ஐயா, கோச்சுக்காதீங்க. இது மரமா, மாட்டுவண்டிச் சக்கரமா?"

திரையில் ஒரு வட்டம் இருந்தது.

"பாண்டுரங்கனுக்கு அப்பா குமரேசன். குமரேசனுக்கு அப்பா பாண்டுரங்கன். சுத்திக்கினே இருக்குது, ஆரம்பத்தையே காணோம். உங்க வம்சம் எங்கேந்துங்க பொறப்பட்டுச்சு?"

"யோவ், ஜல்தியா சொல்லு, மரமாக்க முடியுமா முடியாதா?"

"நான் கையால வேணா வரைஞ்சு குடுத்துடுவேன். ஆனா கடன்படாத குடும்பம்னு இங்க அடிச்சிட்டு, அங்க சைட்ல கூலி பாக்கின்னு நின்னா, வாசல்ல நின்னு படிக்கிறவன் சிரிக்க மாட்டானா? புதன்கிழமைக்குள்ள சைட்ட சரி பண்ணினு வாங்க."

சைட்டின் சட்டத்தில் ஒரே ஒரு வழி இருப்பதை வெண்ணிலா ரயிலில் வரும்போது கண்டுபிடித்தாள். ஒருவரா இருவரா என்பதில் தகராறு வந்தால், குடும்பத்தைச் சேராத, ஆனால் அவரோடு சைட்டில் தொடர்புள்ள ஒருவர் சாட்சி சொல்லலாம். பாண்டுரங்கனோடு அப்படித் தொடர்பு உள்ள ஆள் உலகத்திலேயே ஒருவர்தான்.

"யாரு?"

"கூலி பாக்கின்னு எழுதினவருதான் மாமா."

செவ்வாய்க்கிழமை வல்லத்துக்குப் போனார்கள். விருத்தாசலத்தின் தாத்தா கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக் கிணறு வெட்டினவர். பேரன் விருத்தாசலம் போர்வெல் லாரி வைத்திருக்கிறார். அறுபது வயதிருக்கும். லாரியை நடுவாசலில் நிறுத்தி, எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இவரும் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், இவரும் அதைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியாதவர். ஒரே ஜாடி, வேறே மூடி.

"அடடே, உயிரோட வர்றீங்களே! வாங்க முதலாளி, வாங்க. அமலா, டீ போடும்மா, காலமானவர் வந்திருக்காரு."

மகள் உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. பாண்டுரங்கன் உட்காரவில்லை.

"இதோ பாருப்பா. கூலி பாக்கி வெச்சது எங்க தாத்தா. அப்ப நான் பொறக்கவே இல்ல. நான் வேற, அவரு வேறன்னு நீ ஒரு வார்த்தை அமுக்கிட்டா முடிஞ்சிது. அந்த எழுத்தையும் அழிச்சிடு."

"அழிக்கறதா?" விருத்தாசலத்தின் சிரிப்பு நின்றது. "முதலாளி, உங்க தாத்தாவுக்குப் பட்டா இருக்கு, பத்திரம் இருக்கு. எங்க தாத்தாவுக்கு ஒரு போட்டோகூட கெடையாது. சைட்டுல 'உங்கள் தாத்தாவைப் பற்றிக் கூறுங்கள்'னு எடம் விட்டு வெச்சிருக்கான். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பிரம்மதேசத்துல கெணறு வெட்டினாரு, நூத்தியெண்பது வரணும். கேட்டுக்கினு நாலு தபா போயி தெருமுனையிலயே நின்னுட்டு வந்தாராம். எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போன சொத்தே அந்த பாக்கிதான். அத அழின்னா, தாத்தா எங்க இருப்பாரு?"

பாண்டுரங்கன் சட்டைப் பையில் கை விட்டார். "சரி, இந்தா ஐந்நூறு. மீதிய வெச்சுக்க."

"கூலின்னா அன்னிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபா. நூத்தியெண்பதுன்னா நூத்தியிருபது ஆள் கூலி. இன்னிக்குக் கெணத்துல எறங்கினா எண்ணூறு. நீங்க யாவாரி, போட்டுப் பாருங்க."

பாண்டுரங்கனுக்குக் கால்குலேட்டர் வேண்டாம். தொண்ணூற்றாறாயிரம். வெண்ணிலா போனை எடுப்பதற்குள் அவர் முகத்திலேயே தொகை தெரிந்தது. யோசிப்பதற்கு முன்னால் வாய் பேசிவிட்டது. அம்பது வருஷப் பழக்கம்.

"எண்ணூறா? எங்க பக்கம் எழுநூறுதான்."

"அது களை புடுங்கற கூலி."

"ரவுண்டா தொண்ணூறு."

"ரவுண்டா லட்சம்."

"யோவ், ஏத்திக்கினே போறியே!"

"நீங்க எறக்கினா நான் ஏத்தணும்ல? தொண்ணூத்தாறு. இல்லன்னா ஒண்ணுமே வேணாம், அதுவும் ஒரு வழி இருக்குது." விருத்தாசலம் டீயை நீட்டினார். "கேளுங்க. நீங்களும் தாத்தாவும் ஒண்ணுதான்னா, கூலி நீங்க தரணும். ஆனா நீங்க செத்துட்டீங்க, செத்தவர் கையால நான் வாங்கமாட்டேன். நீங்க வேற, அவரு வேறன்னா, நீங்க உயிரோட இருக்கீங்க. ஆனா பாக்கி உங்களுது இல்ல, நீங்க தர வேணாம். எப்படிப் பாத்தாலும் எனக்குக் காசு இல்ல. நான் இன்னாத்துக்கு சாட்சி சொல்லணும்?"

பாண்டுரங்கன் டீயைக் குடித்தார். இந்த மாதிரி ஒரு மடக்கு அவர் எந்த மல்லாட்டை மண்டியிலும் பார்த்ததில்லை. ஒருபக்கம் எரிச்சல். இன்னொருபக்கம், சொல்லக் கூடாது, ஆளைப் பிடித்தும் போய்விட்டது.

"கெணறு இருக்குதா?" என்று விருத்தாசலம் கேட்டார்.

"மண்டபத்துக்குப் பின்னால. சித்திரையிலயும் வத்தாது."

"நாளைக்கு வர்றேன். பாத்துட்டுச் சொல்றேன்."

புதன்கிழமை காலையில் விருத்தாசலம் வந்தபோது மண்டபத்தில் சமையல்காரர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். சவுரிராயன் ஃபிளெக்ஸுக்கு அளவெடுக்க டேப்போடு வந்திருந்தார். லட்சுமியம்மாள் சைட்டை ஒரு கை பார்க்கவே வந்திருந்தாள். விருத்தாசலம் யாரையும் பார்க்காமல் நேரே கிணற்றுக்குப் போய்க் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார்.

"நல்லா வெட்டியிருக்காரு," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு போனை எடுத்தார். வெண்ணிலா காட்டின இடத்தில் கேள்வி வந்தது. 'இவர்கள் இருவரும் வெவ்வேறு நபர்களா?' ஆம். 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' விருத்தாசலம் போனை வாய்க்கு நேரே பிடித்து, சைட்டே எழுதிக்கொள்ளட்டும் என்று சத்தமாகச் சொன்னார்.

"ஒருத்தரு கூலி குடுக்கல. இன்னொருத்தரு என் எதிர்ல நிக்கிறாரு, குடுப்பாரான்னு தெரியல."

சைட்டு கொஞ்சம் சுற்றியது. குத்துவிளக்கு அணைந்தது.

"மாமா, உயிர் வந்துடுச்சு!" என்றாள் வெண்ணிலா. "அவருக்கும் வந்துடுச்சு," என்று தன் புருஷனுக்கும் சேர்த்துச் சொன்னாள். வட்டம் அவிழ்ந்து நாலு பேரும் ஒருத்தருக்குக் கீழே ஒருத்தராக நின்றார்கள். நூற்றியெண்பது ரூபாய், 1961-ல் செத்துப்போன பெரியவரின் பேருக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. நம்ம பாண்டுரங்கனின் பேருக்குக் கீழே ஒரு பொட்டுக் கறை இல்லை.

"எனக்கு இன்னும் முக்கோணம் இருக்குதா?" என்றாள் லட்சுமியம்மாள்.

"இருக்கு அத்தை."

"இருக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கறேன் அவன."

விருத்தாசலம் போனைப் பையில் போட்டுக்கொண்டார். "அவ்ளோதான் முதலாளி. நான் வர்றேன்." காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சவுரிராயன் டேப்பைச் சுருட்டினார். "அப்ப அந்தக் கடைசி வரி ஐயா? எவருக்கும் கடன்படாத குடும்பம். அடிச்சிடலாமா?"

சமையல்காரன் எவனோ மோட்டாரைப் போட்டான். கிணற்றுத் தண்ணீர் குழாயில் ஏறி மொட்டைமாடித் தொட்டியில் தபதபவென்று விழுந்தது. இந்த நிலம் இவர் வாங்கினதில்லை, தாத்தா விட்டுப்போனது. கிணறும் அப்படித்தான். சொந்தக் கையால் முன்னுக்கு வந்தவன் என்று எங்கே போனாலும் சொல்கிற மனுஷன், தாத்தா விட்டுப்போன இந்தத் தண்ணீரையும் எப்போதும் தன் சம்பாத்தியக் கணக்கிலேயே சேர்த்துச் சொல்லிவந்திருக்கிறார். நான் வேற, அவரு வேற என்று இப்போதுதான் சாட்சி வைத்து எழுதியாயிற்று. அப்படியானால் இந்தக் கிணறு யாருடையது?

"விருத்தாசலம், நில்லுங்க," என்றார். சவுரிராயனைப் பார்த்து, "அந்த வரிய அரை மணி நேரம் கழிச்சு அடி," என்றார்.

மஞ்சப் பையைக் காலையிலேயே கொண்டுவந்திருந்தார். எதற்கென்று அவரே தன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கொண்டுவந்திருந்தார். உள்ளே ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்.

"கெணறு வெட்டினவரு பேரும் மரத்துல வரணும்," என்றார்.

சவுரிராயன் திகைத்தார். "இன்னா மொறைன்னு போடறது ஐயா? மாமாவா, சித்தப்பாவா?"

"கெணறு வெட்டியவர்னு போடு. வேருக்குக் கீழ போடு. தண்ணி அங்கதான இருக்குது."

விருத்தாசலம் திரும்பி வந்து உள்ளங்கையை நீட்டினார். பாண்டுரங்கன் முதல் தாளை எடுத்தார். மண்டியில் அளக்கிற பழக்கத்தில் வாய் தானாக, "லாபம்," என்றது. யாவாரி எவனும் ஒன்று என்று தொடங்க மாட்டான்.

"லாபம் வேணாங்க," என்றார் விருத்தாசலம். "கூலி. ஒண்ணுன்னே எண்ணுங்க."

"ஒண்ணு," என்று பாண்டுரங்கன் தாளைக் கைக்கு மேலே பிடித்தார்.

"மேலேந்து போடாதீங்க முதலாளி. அது எங்க தாத்தா காலம். வைங்க."

பாண்டுரங்கன் கையைத் தாழ்த்தினார். தாளை உள்ளங்கையில் வைத்து, கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். ரெண்டு, மூணு, நாலு. சமையல்காரர்கள் அண்டாவை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒரு கை தாங்காமல் விருத்தாசலம் இன்னொரு கையையும் அடியில் கொடுத்தார். நடுவில் லட்சுமியம்மாள் என்னவோ கேட்டதில் கணக்குத் தப்பிப்போய், ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் அவளை முறைத்துவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள்.

கடைசித் தாளும் வைத்தாயிற்று. பாண்டுரங்கன் மடியைத் தடவி, பழக்கத்தில், ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மேலே வைத்தார்.

விருத்தாசலம் கையை மூடவில்லை.

"இது மொய் இல்லீங்க."

பாண்டுரங்கன் அந்த ஒரு ரூபாயைத் திரும்ப எடுத்துக்கொண்டார். விரித்த கையில் தொண்ணூற்றாறாயிரம் சரியாக இருந்தது.